இடுப்பளவும் மருந்துச் சீட்டும்

சற்றே பருத்தவரை ‘நல்ல பூசினாற்போன்ற உடம்பு’ என்று புகழ்வதும், மெலிந்தவரைக் கண்டால் ‘உடம்புக்கு என்ன?’ என்று கவலையுறுவதும் நம்மவர் வழக்கம். பஞ்சத்திற்கு அஞ்சிய காலத்தில் அது பொருந்தியிருக்கலாம், இன்று பொருந்தாது.

2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ளவர்களில் அளவுக்கு மிஞ்சிய எடையுடையோர் கேரளத்தில் பெண்கள் 100க்கு 38 பேர். ஆண்கள் 36 பேர். தமிழ்நாட்டிலோ பெண்கள் 40, ஆண்கள் 37. ஆகவே, குடிபெயர்ந்து வந்த ஊரின் மேல் பழி போடுவதற்கில்லை.

பருமன் தனியே வருவதில்லை. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பினால் இன்சுலினின் வேலை தடைப்பட்டு, இரத்தத்தில் சர்க்கரை மிகுகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. கல்லீரலில் கொழுப்புப் படிகிறது. முழங்கால் மூட்டுத் தேய்கிறது. பிறகு ஓர் உடலுக்கு மூன்று நான்கு வைத்தியர்கள் வேண்டியிருக்கிறது. மாதந்தோறும் மாத்திரை, இரத்தப் பரிசோதனை, ஆட்டோ வாடகை, அரைநாள் விடுப்பு. காய்ச்சலுக்கு மருந்துண்டால் நான்கு நாளில் முடிந்துவிடும். இவ்வியாதிகளுக்கோ பெரும்பாலும் ஆயுள் முழுதும் உண்ண வேண்டும். பிள்ளைகளின் படிப்புக்கென்று ஒதுக்கிய பணம் மருந்துக் கடைக்குப் போகும் வீடுகள் நம்மிடையே இல்லையா?

ரயில்வே பார்சல் அலுவலகத்தில் எடை பார்க்காமல் ஒரு மூட்டையும் ஏற்பதில்லை. நம் உடலின் எடையை மட்டும் ஆண்டுக்கணக்கில் பாராதிருக்கிறோம். தையற்காரரின் அளவு நாடா ஒன்று போதும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80ஐயும் எட்டிவிட்டால் எச்சரிக்கை கொள்ள வேண்டுமென்பது இந்தியருக்கு வைத்தியர்கள் வகுத்த அளவு.

நமக்கு அண்மையிலுள்ள நெய்யாற்றின்கரை தாலுகாவில் 2013ஆம் ஆண்டு தொடங்கி ஒரு முயற்சி நடைபெற்றது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தாரும் ஆஸ்திரேலிய அறிஞர்களும் அதில் பங்குகொண்டனர். நீரிழிவு வரும் அபாயமுள்ள 30 முதல் 60 வயதினர் 1,007 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மட்டும் ஊரார் சிலரின் துணையுடன் குழுக்களாகக் கூடச் செய்து, உணவையும் உடலுழைப்பையும் பற்றிக் கலந்து பேச வைத்தனர். இரண்டாண்டு முடிவில் அப்பிரிவில் 100க்கு ஏறத்தாழ 15 பேருக்கும், மற்றதில் 17 பேருக்கும் நீரிழிவு கண்டது. இவ்வேறுபாடு சிறிது, இதை மட்டும் வைத்து வெற்றி என்று உறுதி கூற இயலாதென்று அவர்களே ஒப்பினர். எனினும், குழுவாய்க் கூடியவர்கள் காய்கனிகளை மிகுதியாக உண்டனர். மது அருந்துவோர் அதன் அளவைக் குறைத்தனர். தனியே செய்யத் தயங்குவதைப் பலர் கூடினால் செய்ய முடிகிறது.

நாற்காலியில் அமர்ந்தே பொழுதைக் கழிக்கும் நம் போன்றோர் நாள்தோறும் அரைமணி நேரமாவது விரைந்து நடத்தல் வேண்டும். இல்லத்தரசியரும் அந்நேரத்தைத் தமக்கென ஒதுக்கிக்கொள்ள, வீட்டார் அடுக்களை வேலையில் கைகொடுக்க வேண்டும். சோற்றைக் குறைத்துக் கறியைக் கூட்டலாம். விருந்தினரை இரண்டாம் முறை இனிப்புக்கு வற்புறுத்தாதிருக்கலாம். முப்பது வயது கடந்தவர்கள் அருகிலுள்ள குடும்ப ஆரோக்கிய நிலையத்தில் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பரிசோதித்துக்கொள்க. ஏற்கெனவே மருந்துண்போர் வைத்தியரைக் கேளாமல் நிறுத்தலாகாது.

அடுத்த மாதக் கூட்டத்திற்கு வரும் அன்பர்கள் ஓர் அளவு நாடாவும் கொண்டுவரக் கேட்டுக்கொள்கிறோம்.