பிஞ்சுக் கையில் எத்தனை ஊசி?

மாமல்லபுரத்தில் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் நீர் வற்றிவிட்டது. சுமார் 30 கிலோ மீட்டர் தாண்டி, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள் தாய்.

"குளுகோஸ் ஏற்ற வேண்டும்" என்கிறார் டாக்டர். நரம்பு கிடைக்கவில்லை! (நரம்பு என்று நாம் சொல்வது உண்மையில் ரத்தக் குழாய்.) நீர் வற்றினால் அது சுருங்கி ஒளிந்துகொள்ளும். இரண்டு முறை, மூன்று முறை குத்துகிறார்கள். குழந்தை வீறிடுகிறது. தாய் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

இதற்கு ஒரு கருவி வந்திருக்கிறது. அமெரிக்காவில் மெம்பிஸ் நகர விஞ்ஞானி ஹெர்பர்ட் சீமன் இதற்கு வழிகாட்டியவர்களில் ஒருவர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கருவி தோல்மீது பாய்ச்சும். ரத்தம் அதை உறிஞ்சிக்கொள்ளும். சுற்றியுள்ள சதை திருப்பி அனுப்பும். அந்த வித்தியாசத்தைப் படம் பிடித்து, தோலின் மேலேயே காட்டும். வலி கிடையாது. எக்ஸ்ரேயும் அல்ல.

நரம்பு நன்றாகத் தெரியும் குழந்தைக்கு இதனால் பெரிய லாபம் இல்லை. நர்சின் கைப்பழக்கமே போதும். கொழுகொழு குழந்தை, நீர் வற்றிய குழந்தை, பல நாள் ஊசி போட்டுக்கொண்ட குழந்தை, இவர்களுக்குத்தான் இது வேண்டும்.

வார்டுக்கு ஒன்று இருந்தால் போதும். அரசு ஆஸ்பத்திரிகளில் குழந்தைகள் வார்டு எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம் அரசு இதை வாங்கித் தர வேண்டும். நர்சுகளுக்குப் பயிற்சியும் தர வேண்டும். இரண்டு முறை தவறினால், மூன்றாவது முறை அனுபவசாலிதான் ஊசியைத் தொட வேண்டும்.