வீட்டு வெக்கையை வீட்டுக்காரியிடம் கேளுங்க!

கத்திரி வெயில் வந்துவிட்டால் ஆம்பளைகள் வேப்பமரத்தடிக்கோ டீக்கடைக்கோ போய்விடுவார்கள். அடுப்பு, பிள்ளை, மாமியார் என்று வீட்டுக்குள்ளேயே வேகிறது நாம்தான். ஆனால் வீட்டைக் கட்டுவதோ, இடிப்பதோ, கூரை மாற்றுவதோ எதிலும் நம்மை ஒரு வார்த்தை கேட்பதில்லை. அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன், சகோதரிகளே.

எங்களுடையது மாமனார் காலத்து ஓட்டு வீடு. ஓட்டுக்குக் கீழே பலகை மச்சு. பலகைக்கு மேலே அந்தக் காலத்திலேயே மண் பரப்பி மெழுகியிருக்கிறார்கள். அதனால் மச்சுக்குக் கீழே வெக்கை அவ்வளவாக இறங்காது. ஆனால் ஏணி வைத்து ஏறுகிற வாசலுக்கு மட்டும் வெறும் பலகை மூடிதான். பல வருஷத்தில் அது சுருங்கி, நாலு பக்கமும் விரல் நுழைகிற அளவுக்குச் சந்து விழுந்துவிட்டது. மத்தியானம் ஓடு காய்ந்து மச்சு அடுப்பாகிவிடும். கரிசல்காட்டுக் காற்று வீசும்போது அந்தச் சந்து வழியே வெக்கையும் புழுதியும் சேர்ந்து இறங்கும். அதற்கு நேர் கீழேதான் அத்தையின் கட்டில்.

போன சித்திரையில் ஒரு நாள், தண்ணீர் குடிக்க எழுந்த அத்தை அப்படியே மயங்கிச் சாய்ந்துவிட்டார். "வெளிய போனாத்தான் வெயில் தாக்கும்னு இல்லம்மா. வயசானவங்கள வெக்கையில படுக்க வைக்காதீங்க" என்றார் டாக்டர்.

என் வீட்டுக்காரர் உடனே, "கடனை வாங்கியாவது இதை இடிச்சுட்டு காங்கிரீட் போட்டுருவோம்" என்று கிளம்பிவிட்டார். நான் சம்மதிக்கவில்லை. நாத்தனார் வீடு காங்கிரீட்தான். பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம், ராத்திரி பதினோரு மணி வரைக்கும் தோசைக்கல் மாதிரி அனலடிக்கிறது. அவர்கள் வாசலில்தான் படுக்கிறார்கள். "குறை மச்சுல இல்லங்க, மூடியில இருக்கு. முதல்ல அதைச் சரி பண்ணுவோம்" என்றேன். "எட்டாவதோ பத்தாவதோ படிச்சவ இஞ்சினீயரு மாதிரி பேசுறா" என்று சிரித்தார். அத்தைதான், "தாயி சொல்றதச் செஞ்சுதான் பாரேன்" என்று எனக்காகப் பேசினார்.

ஆசாரியை வரச்சொல்லி, வாசலைச் சுற்றி மூடி உட்காருகிற மாதிரி ரீப்பர் அடித்தோம். அதன் மேல் பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி ஒட்டினோம். மூடி அதில் அழுந்த உட்கார்ந்ததும் சந்து அடைபட்டது. நைந்த புடவைகளை மடித்துக் கோணிச்சாக்கில் வைத்துத் தைத்து, மூடியின் மேல் பக்கம் மெத்தை மாதிரி பரப்பி, எலி கடிக்காமல் இருக்க அதற்கு மேல் பளபளப்பான அலுமினியத் தகடு அடித்தோம். மூடி கனமாகிவிட்டதால் தலையில் விழாதபடி இரண்டு கீலும் கொண்டியும் போட்டோம். கரண்ட் வயர் பக்கத்தில் போனால் மட்டும் அதை முதலில் தள்ளிப் போடச் சொல்லுங்கள். துணியும் சாக்கும் தீப்பிடிக்கும். கூலியோடு ரெண்டாயிரத்துக்குள் முடிந்துவிட்டது.

குளிர் நாடுகளில் கணப்புச் சூடு மேலே ஏறிப் போய்விடாமல் இருக்க மச்சு மூடியை இப்படி அடைப்பார்கள். நமக்கோ மேலே இருக்கிற சூடு கீழே வராமல் இருக்க வேண்டும். அதனால் பகலில் இறுக மூடிவிட்டு, ஓடு ஆறிய பிறகு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் திறந்துவிடுகிறோம். வீட்டுக்குள் இருக்கிற சூட்டுக் காற்று மேலே ஏறி ஓட்டுச் சந்து வழியே போய்விடுகிறது. பூச்சி, பொட்டு விழாமல் இருக்க வாசலில் கம்பி வலை போட்டிருக்கிறோம்.

இப்போது மத்தியானத்தில் அத்தை நன்றாகத் தூங்குகிறார். ஃபேனும் ராவும் பகலும் ஓடுவதில்லை. 75 வாட்ஸ் ஃபேன் ஓயாமல் ஓடினால் நாளைக்கு 1.8 யூனிட், இரண்டு மாசத்துக்கு 108 யூனிட் ஆகும். 2016இல் அரசு அறிவித்த 100 யூனிட் இலவச மின்சாரத்தை ஒரே ஃபேன் தின்றுவிடும். அதுவும் சூட்டுக் காற்றைத்தானே சுற்றிச் சுற்றி அடிக்கிறது!

2024 அக்டோபரில் நம் அரசு வெப்ப அலையைப் பேரிடராக அறிவித்து, அதில் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்ச ரூபாய் என்றது. நல்லதுதான். ஆனால் உயிர் போன பிறகு வரும் பணத்தை விட, போகாமல் இருக்க வழி செய்வது மேல் அல்லவா? அதே 2024இல் வந்த கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் குடிசைகளுக்குப் பதிலாக 3.5 லட்ச ரூபாயில் காங்கிரீட் வீடு. குடிசை போய் வீடு வருவது சந்தோஷம். ஆனால் காங்கிரீட் தளத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பாவது அடிக்காமல் குடிபோனால், ஒழுகாத அடுப்புக்குள் குடியிருக்கிற மாதிரிதான். குஜராத்தில் அகமதாபாத் நகரம் 2010 வெயிலில் பட்ட அடிக்குப் பிறகு, 2013இல் வெப்பத்துக்கென்றே திட்டம் போட்டது. குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு அங்கே வெள்ளையடிக்கிறார்கள்.

வீட்டில் எந்த மூலையில் வெக்கை, எந்தச் சந்தில் புழுதி என்று அங்கேயே இருக்கிறவளுக்குத்தான் தெரியும். கொத்தனாரிடமும் ஆசாரியிடமும் பேசுவதற்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்? கேட்காவிட்டாலும் நாமே வாய் திறந்து சொல்லுவோம். என்ன சகோதரிகளே, நான் சொல்றது சரிதானே?

- ஒரு வாசகி, குமாரலிங்கபுரம்.