ஈட்டுறுதியும் எமது மௌனமும்

சொந்த வீடே வாழ்வின் நிறைவு என்னும் எண்ணம் எமது மத்தியதர வர்க்கத்தின் உள்ளத்தில் ஆழ வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணத்தை நான் பழிக்கவில்லை. வங்கி கடன் தந்தவுடனேயே வீடு எமதாகிவிட்டது என்ற மயக்கத்தையும், அம்மயக்கத்தைக் கலைக்க வேண்டிய கற்றோர் வாளாவிருப்பதையுமே கண்டிக்கிறேன்.

கடனுக்குப் பிணையாகக் காணியையும் வீட்டையும் கட்டுப்படுத்தி எழுதப்படுவதே ஈடு. எம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில் ஒற்றி இடம்பெறுகிறது. ஒற்றியில் காணி கடன் கொடுத்தவன் கைக்குச் செல்லும். அதன் விளைவே வட்டியின் இடத்தைப் பெறும். நிலமற்ற ஏழைக்கு அம்முறையால் யாதொரு பயனுமில்லை. ஆதலால் அதனைப் பொற்காலமென்று நான் போற்றேன். எனினும், தான் இழப்பது யாதென்பதைக் கடன்பட்டவன் கண்ணாற் கண்டான். இன்றைய ஈட்டிலோ வீடு எம்மிடம் இருக்கிறது. இழப்புக் கணக்கினுள் மறைந்திருக்கிறது.

அக்கணக்கைப் பார்ப்போம். ஒருவர் 50 இலட்சம் ரூபாவை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில், 20 ஆண்டுகளில் தீர்ப்பதாகப் பெறுகிறார் எனக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 55,000 ரூபா. முதல் மாதத்தில் அதில் 50,000 ரூபா வட்டிக்கே போய்விடும். ஐந்து ஆண்டுகளில் 33 இலட்சம் செலுத்திய பின்னரும் முதலிற் குறைந்திருப்பது நான்கு இலட்சத்துச் சொச்சமே. கடன் தீரும்போது அவர் செலுத்தியிருப்பது 1 கோடி 32 இலட்சம்.

இதுவும் வட்டி மாறாதிருந்தால் மட்டுமே. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டிக்கு ஒப்பமிட்டவர்களின் சம்பளம் அவ்வாறு உயரவில்லை. மேற்சொன்ன கடனே 20 சதவீதத்தில் பெறப்பட்டிருப்பின் தவணை ஏறத்தாழ 85,000 ரூபாவாகும்.

“வாசித்துப் பார்த்துத்தானே ஒப்பமிட்டனர்?” என்று கேட்போர் உளர். எதை வாசித்தனர்? நொத்தாரிசின் முன்னிலையில் நீட்டப்படும், சட்ட ஆங்கிலத்தில் அமைந்த பக்கங்களையா? விளங்காத உறுதியில் இடும் கையொப்பம் சட்டத்தின் கண்ணிற் சம்மதமாகலாம். அறத்தின் கண்ணில் ஆகாது. “தவணை தவறினால் நீதிமன்றம் இருக்கிறதே” என்பதும் முழு உண்மையன்று. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்றை நாடாமலே, பணிப்பாளர் சபையின் தீர்மானத்தால் ஈட்டுச் சொத்தை ஏலமிடும் அதிகாரத்தை வங்கிகளுக்கு அளித்தது. நெருக்கடியின் பின் 2024இல் பாராளுமன்றமே அவ்வதிகாரத்தைத் தற்காலிகமாக இடைநிறுத்த நேர்ந்தமை அதன் கடுமைக்குச் சான்று.

வங்கி இலாபம் தேடுவது இயல்பு. அதனிடம் கருணையை எதிர்பார்ப்பது பேதைமை. நாம் கோர வேண்டியது தெளிவை. உறுதியின் பொருள் தமிழில் தரப்படல் வேண்டும். ஒவ்வொரு தவணையிலும் வட்டி எவ்வளவு, முதல் எவ்வளவு என்ற அட்டவணை ஒப்பத்திற்கு முன்னரே கையளிக்கப்படல் வேண்டும். வட்டி உயர்ந்தால் தவணை எவ்வளவாகும், முன்கூட்டியே கடனைத் தீர்த்தால் தண்டப்பணம் உண்டா என்பவை எழுத்தில் இருத்தல் வேண்டும்.

பழைய சாசனங்களைப் பொருள் பிரித்து வாசிக்கப் பயிலும் நாம், எமது பெற்றோர் ஒப்பமிடும் சாசனத்தை வாசித்துச் சொல்ல முடியாதிருப்போமாயின், எமது கல்வி யாருக்காக?