கோடி வாங்கினால் கால் வலிக்காதா?



கால்பந்து வீரர்களின் களைப்பைப் பற்றிப் போன வாரம் இரண்டு வரி எழுதியிருந்தேன். "கோடிக்கணக்குல சம்பளம் வாங்குறவங்களுக்கு என்ன சார் களைப்பு?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டார். அதற்கு லைக் போட்டவர்களில் என் மைத்துனரும் ஒருவர்! அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறும். தொடைத் தசையில் ஏறாது.

2002 உலகக் கோப்பையை நினைவிருக்கிறதா? நடப்புச் சாம்பியன் பிரான்ஸ். இங்கிலாந்து, இத்தாலி, பிரான்ஸ் ஆகிய மூன்று நாட்டு லீக்குகளிலும் அந்தப் பருவத்தில் அதிக கோல் அடித்த ஆன்ரி, த்ரெசகே, சிசே மூவரும் அந்த அணியில்தான் இருந்தார்கள். ஜிதான் மே 15 அன்று ரியல் மாட்ரிட்டுக்காகச் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் ஆடினார். மே 26 அன்று தென் கொரியாவுடன் ஒரு நட்பு ஆட்டம். அதில் தொடை போயிற்று. மே 31 அன்று உலகக் கோப்பை தொடங்கிவிட்டது. முதல் இரண்டு ஆட்டங்களில் அவர் இல்லை. மூன்றாவதில் தொடையில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினார். பிரான்ஸ் ஒரு கோல்கூட அடிக்காமல் வீடு திரும்பியது. களைப்பு மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த அட்டவணையைப் போட்டவர்களுக்கு அதில் பங்கே இல்லையா?

அடுத்து ஸ்பெயினின் பெட்ரி. 2020-21 பருவத்தில் 18 வயதுப் பையன். பார்சிலோனா, யூரோ, அதன் பிறகு டோக்கியோ ஒலிம்பிக்ஸ் என்று 70-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள்! யூரோ அரையிறுதி ஜூலை 6. ஒலிம்பிக்ஸ் முதல் ஆட்டம் ஜூலை 22. அடுத்த பருவத்தில் பெரும்பகுதி காயத்தில் போனது. வளரும் பிள்ளையின் உடம்பை இப்படியா செலவழிப்பது?

2022 கத்தாரில் உலகக் கோப்பை நவம்பர் 20 அன்று தொடங்கியது. ஐரோப்பாவின் பெரிய லீக்குகளோ நவம்பர் 13 வரை நடந்தன. நவம்பர் 8 அன்று பேயர்ன் மியூனிக்குக்காக ஆடிய சாடியோ மானேவுக்குக் காலில் அடிபட்டது. ஆறப் போட நாள் இல்லை. செனகல் அவர் இல்லாமலேயே ஆடியது.

நான் சொல்ல வந்தது இதுதான். வீரருக்கு அடிபட்டால் கிளப் இன்னொருவரை விலைக்கு வாங்கிக்கொள்ளும். செனகல் எந்தச் சந்தையில் போய் இன்னொரு மானேவை வாங்கும்? பருவம் முழுவதும் கடன் வாங்குவது ஒருவர். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வட்டியோடு கட்டுவது நாடு.

கிளப்புகளை மட்டும் திட்டினால் போதாது. ஃபிஃபா என்ன செய்தது? வீரர்கள் ஓய்வெடுக்க வேண்டிய கோடையில், 2025 ஜூன் 14 முதல் ஜூலை 13 வரை 32 அணிகளோடு கிளப் உலகக் கோப்பை நடத்தியது. பரிசுத் தொகை 100 கோடி டாலர். 2026 உலகக் கோப்பைக்கு 48 அணிகள், 64-க்குப் பதில் 104 ஆட்டங்கள். யூஃபா மட்டும் சளைத்ததா? சாம்பியன்ஸ் லீக் முதல் சுற்றில் ஆறாக இருந்ததை எட்டாக்கியது. 2024-இல் டாட்டன்ஹாமும் நியூகாசிலும் லீக் முடிந்த மூன்றாம் நாள் மெல்போர்னில் காட்சி ஆட்டம் ஆடின. ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்கள். ஓடுவது அதே கால்கள்.

"ஐந்து மாற்று வீரர்களை இறக்கலாமே" என்பீர்கள். இறக்கலாம். ஆனால் தோற்கும் நிலையில் எந்தப் பயிற்சியாளர் தன் சிறந்த வீரரை உட்கார வைப்பார்?

2024 செப்டம்பரில் ரோட்ரி, வீரர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நிலையில் இருக்கிறோம் என்றார். சில நாட்களிலேயே முழங்கால் தசைநார் கிழிந்து அந்தப் பருவத்தின் பெரும்பகுதியை இழந்தார். அந்த ஆண்டின் பாலோன் தோர் விருது பெற்றவர் அவர்தான். மறுமாதம் வீரர்கள் சங்கமும் ஐரோப்பிய லீக்குகளும் ஃபிஃபா மீது ஐரோப்பிய ஆணையத்தில் புகார் கொடுத்தன.

பொதுத்தேர்வுக்கு முன்னால் பிள்ளைகளுக்குப் படிக்க விடுமுறை விட்டோம் அல்லவா? அதே நியாயம்தான் இங்கும். ஆண்டுக்கு நான்கு வாரக் கட்டாய ஓய்வு. ஒருவர் ஆடும் ஆட்டங்களுக்கு உச்சவரம்பு. உலகக் கோப்பைக்கு முன் மூன்று வாரம் கிளப் ஆட்டம் கூடாது. இதில் எது பேராசை?

மைத்துனர் உட்பட மறுப்பவர்கள் கீழே எழுதுங்கள். சம்பளக் கணக்கை விட்டுவிட்டு வேறு காரணத்தோடு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்