புள்ளியா பெரிது, பொருளா?

"மூன்றாம் எந்திரத்தில் காப்பு இல்லை, கை வைக்காதே!" கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவுப் பணி முடிக்கும் தமிழ்த் தொழிலாளி, அடுத்து வரும் ஒடிசாத் தோழனுக்குக் கைப்பேசியில் இப்படி எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். தமிழ் அவன் அறியான். ஒடியா இவன் அறியான். அரைகுறை ஆங்கிலமே பாலம். தோழனுக்குப் புரிகிறது, கை பிழைக்கிறது. படித்த பெருமான்களுக்கோ சிரிப்பு! வினைச்சொல் தவறாம், புள்ளி இல்லையாம்!

எவர் வகுத்த சட்டம் இது? 1828-இல் அமெரிக்காவின் நோவா வெப்ஸ்டர் வெளியிட்ட அகராதியில், 'கலர்' என்ற சொல்லுக்கு லண்டன்காரர் எழுதும் 'யு' இல்லை. அங்கே அது சீர்திருத்தம். நம் பொன்னேரியான் ஓரெழுத்தை விட்டால் மட்டும் அறியாமையா?

1935-இல் 'குடிஅரசு' ஏட்டில் தந்தை பெரியார் தமிழ் எழுத்தைச் சீர்திருத்தினார். பண்டிதர் சிலர் பதறினர். 1978-இல் தமிழக அரசே ஏற்று ஆணையிட்டது. தும்பிக்கை தூக்கிய 'லை' போயிற்று, தமிழ் போய்விட்டதா?

ஒப்பந்தத்தில் ஒரு சொல் பிசகினால் கூலி போகும். ஆலையின் எச்சரிக்கைப் பலகையில் பிசகினால் உயிர் போகும். அங்கே இலக்கணம் காவல், கட்டாயம் வேண்டும். தோழன் தோழனுக்கு எழுதுவதிலும் அதே அளவுகோலை நீட்டுவானேன்? ஏளனத்துக்கு அஞ்சி அவன் எழுதாதிருந்தால், அறுபடும் கைக்கு எவர் பொறுப்பு?

1968-இல் பேரறிஞர் அண்ணா இருமொழிக் கொள்கையை நிலைநாட்டினார். ஆங்கிலம் நமக்குத் தொடர்புக் கருவி. தொழுகைக்குரிய தெய்வம் அன்று. எழுது தோழா, அஞ்சாது எழுது!