பூட்டுக்கு யார் முதலாளி?

கெலமங்கலத்தில் புது வீடு கட்டுகிறவரிடம் வாசக்கால் என்ன மரம் என்று கேளுங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “மேஸ்திரியைத்தான் கேக்கணும்” என்பார். பூட்டு என்ன என்று கேளுங்கள். பதில் பாய்ந்து வரும். “டிஜிட்டல் லாக் சார். கைரேகை, பாஸ்வேர்டு, கார்டு, செல்போன்னு நாலு விதமா தொறக்கும்!”

நாலு விதமாகத் திறக்கும் என்று ஒரு பூட்டைப் புகழ்கிற காலம் வந்துவிட்டது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டுக்குப் பெருமையே, அதன் சாவியைத் தவிர வேறு எதற்கும் அசையாது என்பதுதான்.

ஆசைப்படுவதைக் குற்றம் சொல்லவில்லை. ஒரு பக்கம் ரோஜாத் தோட்டமும் கேழ்வரகுக் கொல்லையும், இன்னொரு பக்கம் கூத்தனப்பள்ளியில் ஐபோன் பாகங்கள் செய்யும் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையும் இருக்கிற ஊர் இது. ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவர், தூங்கும் குழந்தையை எழுப்பாமல் கதவைத் திறக்க நினைப்பது நியாயமான ஆசை. சாவிக்கொத்தைத் தேடித் துழாவ வேண்டாம் என்பது நிஜமான வசதி. என் சண்டை பூட்டோடு இல்லை. நாம் அதை வாங்கும் லட்சணத்தோடுதான்.

முதலில் ஒன்று புரிந்துகொள்வோம். எலெக்ட்ரானிக் பூட்டில் எலெக்ட்ரானிக் சமாசாரம் எல்லாம், ‘இவரை உள்ளே விடலாமா?’ என்று முடிவு செய்வதற்குத்தான். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது அதே பழைய இரும்புத் தாழ். அது வாசக்காலில் எத்தனை ஆழம் இறங்குகிறது, அங்கே திருகியிருக்கும் தகடு எவ்வளவு கெட்டி, ஸ்க்ரூ எவ்வளவு நீளம் என்பதில்தான் உங்கள் பாதுகாப்பு இருக்கிறது. கடப்பாரையோடு வருகிற திருடன் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நிற்க மாட்டான். மலிவுக் கதவில் இருபதாயிரம் ரூபாய்ப் பூட்டு மாட்டுவது, கிழிந்த பையில் தங்கக் காசு போடுவது மாதிரி.

பி.காம். படித்த புத்தி, கணக்குப் போடாமல் விடாது. இருபதாயிரம் ரூபாய்ப் பூட்டு ஐந்து வருஷம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால், தேய்மானம் மட்டும் வருஷத்துக்கு 4,000 ரூபாய். பாட்டரிச் செலவு தனி. ஆயிரத்தைந்நூறு ரூபாய்ச் சாவிப் பூட்டு பதினைந்து வருஷம் உழைத்தால், வருஷத்துக்கு 100 ரூபாய். வித்தியாசமான 3,900 ரூபாய், பாதுகாப்புக்கான செலவு இல்லை, வசதிக்கான செலவு. தெரிந்து கொடுத்தால் சரி. பாதுகாப்பு என்று நினைத்துக் கொடுத்தால், ஏமாறுகிறீர்கள்.

அடுத்து, அந்த நாலு இலக்க எண். 10,000 விதமாக அமையலாம் என்று விற்பவர் சொல்வார். உண்மைதான். ஆனால் தினமும் அதே நாலு பொத்தானை அழுத்தினால், அந்த நாலில் மட்டும் விரல் கறை படியும், எழுத்து தேயும். எந்த நாலு என்று தெரிந்துவிட்டால், மிச்சம் இருப்பது 24 விதம்தான். நம்மாட்கள் அதற்கும் வேலை வைக்காமல், பிள்ளை பிறந்த வருஷத்தையே எண்ணாக வைத்துவிடுகிறார்கள்! அசல் எண்ணுக்கு முன்னும் பின்னும் வேறு எண்களைச் சேர்த்து அழுத்தவிடுகிற பூட்டுகள் இருக்கின்றன. கேட்டு வாங்குங்கள்.

இதெல்லாம் சில்லறை விஷயம். முக்கியமான கேள்வி, இந்தப் பூட்டு யாரை வெளியே நிறுத்துகிறது என்பது.

கைரேகை என்பது விரல் தோலில் இருக்கிற மேடு பள்ளம். முள்ளோடு ரோஜா பறிக்கிற கையில், களை பிடுங்குகிற கையில், சிமென்ட் கலக்கிற கையில், அந்த மேடு பள்ளம் தேய்ந்துபோகும். வயதானால் தோல் வறண்டு இன்னும் மோசம். இது நம் ரேஷன் கடைகள் கற்றுக்கொடுத்த பாடம். 2020 அக்டோபரில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் கைரேகை முறை வந்தது. ரேகை பதியாமல் பெரியவர்கள் பட்ட பாட்டை வரிசையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். கடைசியில் கண் கருவிழியைப் படிக்கிற கருவிகளையும் கொண்டுவர வேண்டியதாயிற்று.

ரேஷன் கடைக்காவது மாற்று வழி வந்தது. உங்கள் வீட்டு வாசலில்? கொல்லையில் உழைத்து, மாடு வளர்த்து, சீட்டுக் கட்டி, இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டது ஒரு அம்மாவின் கை. மூன்று மொழி பேசுகிற ஊர் இது. பாட்டி என்று கூப்பிட்டாலும், அவ்வா என்றாலும், அஜ்ஜி என்றாலும் அதே கைதான். அந்தக் கையைப் பார்த்து ‘நீ யார்?’ என்று சிவப்பு விளக்கு காட்டுகிற யந்திரத்தை, காசு கொடுத்து வாங்கி மாட்டுகிறோம். “அம்மா, நான் வர்ற வரைக்கும் திண்ணையில உக்காரு” என்று போனில் சொல்கிறோம். இதற்குப் பெயர் ஸ்மார்ட் வீடாம்!

இன்னொரு கூத்து மாடியில். கீழே சொந்தக்காரர் குடியிருக்க, மேலே நாலு போர்ஷன் கட்டி, ஆலைக்குப் போகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவது இந்தப் பக்கத்து வழக்கம். அந்தக் கதவுகளிலும் டிஜிட்டல் பூட்டு வந்தால், செல்போன் ஆப் யார் கையில் இருக்கும்? வீட்டுக்காரர் கையில். குடியிருக்கும் பெண் எத்தனை மணிக்குப் போனாள், எத்தனை மணிக்கு வந்தாள் என்று அவர் கீழே உட்கார்ந்தபடியே பார்க்கலாம். வாடகை நாலு நாள் தள்ளிப்போனால், எண்ணை மாற்றிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வீட்டுக்காரர் உள்ளே வருவதென்றால்கூட 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும் என்கிறது. ஆப்புக்கு அந்தச் சட்டம் தெரியாது. 2025 நவம்பரில் இதே வட்டாரத்து நாகமங்கலத்தில், பெண் தொழிலாளர் விடுதிக் குளியலறையில் ரகசியக் கேமரா இருந்தது தெரிந்து, பெண்கள் திரண்டு போராடினார்கள். பூட்டும் கேமராவும் ஒன்றா என்பீர்கள். இல்லைதான். ஆனால் தன் அறைக்குள் தன்னை யாரும் கண்காணிக்கக் கூடாது என்ற உரிமை ஒன்றுதான்.

சரி, வீட்டுக்காரருக்காவது அந்தப் பூட்டு முழுசாகச் சொந்தமா? 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாக்ஸ்டேட் கம்பெனி, தன் பூட்டுகளுக்கு இன்டர்நெட் வழியாக ஒரு அப்டேட் அனுப்பியது. தவறான மாடலுக்குப் போய்ச் சேர்ந்ததில், சுமார் 500 பூட்டுகளின் எண் பலகை செத்துப்போனது. கழற்றி அனுப்புங்கள், சரிசெய்து தருகிறோம் என்றது கம்பெனி. சாவித் துவாரம் இருந்ததால் பிழைத்தார்கள். எங்கோ இருக்கிற கம்பெனி தும்மினால் உங்கள் வாசலுக்கு ஜலதோஷம் பிடிக்கும் என்றால், அந்தப் பூட்டுக்கு முதலாளி நீங்கள் இல்லை.

அதனால் கடைக்குப் போகிறவர்கள் கலரையும் மாடலையும் பார்ப்பதற்கு முன், இந்த ஐந்து கேள்வியைக் கேளுங்கள்.

ஒன்று: சாதாரணச் சாவி போடத் துவாரம் இருக்கிறதா? அந்தச் சாவிப் பூட்டும் தரமானதா? இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டு: பாட்டரி அடியோடு தீர்ந்தால் வெளியிலிருந்து உயிர் கொடுக்க வழி உண்டா? 9 வோல்ட் பாட்டரியை ஒட்டிப் பிடிக்கவோ, சார்ஜர் வயரைச் செருகவோ இடம் இருக்க வேண்டும்.

மூன்று: தீப்பிடித்தால், கரண்டோ பாட்டரியோ இல்லாமல், உள்ளிருந்து கைப்பிடியைத் திருகினாலே திறக்குமா? இதில் சமரசமே கூடாது.

நாலு: இன்டர்நெட் இல்லாமல் முழுசாக வேலை செய்யுமா? கைரேகை பூட்டுக்குள்ளேயே தங்குகிறதா, கம்பெனி கம்ப்யூட்டருக்குப் போகிறதா? சாவி தொலைந்தால் பூட்டை மாற்றலாம். பத்து விரலுக்கு மேல் நமக்கு ஸ்டாக் கிடையாது.

ஐந்து: ரிப்பேர் என்றால் ஓசூரிலிருந்து ஆள் வருவாரா, பெங்களூருக்கு போன் போட்டுக் காத்திருக்க வேண்டுமா?

வாடகைக்கு விடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று: குடிவருகிறவர் கையில் சாவியைக் கொடுங்கள். அது அவர் வீடு, வாடகை கொடுக்கிற வரைக்கும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் உடனே பணத்தைக் கட்டிவிடாதீர்கள். வீட்டிலேயே மூத்த பெண்மணியைக் கடைக்குக் கூட்டிப்போய், மாதிரிப் பூட்டில் அவர் விரலைப் பதியச் சொல்லுங்கள். பிறகு அந்தக் கையைத் தண்ணீரில் நனைத்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவரே திறந்து பார்க்கட்டும். பத்து தடவை. பத்து தடவையும் திறந்தால் வாங்குங்கள். திறக்காவிட்டால், அந்தப் பணத்தில் வாசக்காலுக்கு நல்ல மரம் போடுங்கள். சாவியை அவர் இடுப்பிலேயே செருகிக்கொள்வார்.