கேலிப்பரை எங்கே பொருத்துவது?

தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்கு இப்போது பழைய காரின் மேல் ஒரே மோகம். 1970களில் வந்த டட்சன் 120 ஒய் ஒன்றைத் தேடிப் பிடித்து, சாயம் அடித்து, இருக்கை மாற்றி, கடைசியில் பின் சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் போட்டால்தான் ஆயிற்று என்று நிற்கிறார்கள். சாயம் சரியில்லை என்றால் அழகுதான் கெடும். பிரேக் அப்படியன்று. அந்தக் காரில்தான் அம்மாவையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகப் போகிறான். ஆகவே பெற்றோரும் இதைக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அந்தக் காரில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிரம் என்பது சட்டி போன்றது. உள்ளே இரண்டு கட்டைகள் விரிந்து சட்டியின் உட்சுவரை அழுத்தும். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் தட்டு. அந்தத் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் இடுக்கிதான் கேலிப்பர். தட்டு திறந்த காற்றில் சுழல்வதால் சூடு சீக்கிரம் ஆறும். 1953இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்றபோது, உலகமே இதைத் திரும்பிப் பார்த்தது.

சரி, இந்த இடுக்கியை அச்சுக்கு முன்பக்கம் வைப்பதா, பின்பக்கம் வைப்பதா? பிள்ளைகள் எந்தப் பக்கம் வைத்தால் பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்று யோசிக்கிறார்கள். போர்மனோ, பட்டை ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் இடிக்காத பக்கம் எது என்று பார்க்கிறார். போர்மன் பார்ப்பதே சரி. பின்பக்கம் வைத்தால் பிரேக் பிடிக்கும்போது பேரிங் தாங்கும் பாரம் சற்றுக் குறையும், முன்பக்கம் வைத்தால் சற்றுக் கூடும். நிதானமாக ஓடும் குடும்பக் காருக்கு அது பெரிய காரியமில்லை. பெரிய காரியம் கேலிப்பரில் இருக்கும் ஒரு சின்னத் திருகாணி. காற்றை வெளியேற்றும் நிப்பிள் அது.

டிரஸ்ஸர் ஊசி போடுமுன் என்ன செய்கிறார்? ஊசி முனையை மேலே தூக்கிப் பிடித்து மெல்ல அழுத்துகிறார். மேலே ஏறி நிற்கும் காற்று முதலில் போய்விடுகிறது. முனையைக் கீழே பிடித்து அழுத்தினால் மருந்துதான் சிந்தும், காற்று உள்ளேயே தங்கும். கேலிப்பரிலும் இதே கதைதான். நிப்பிள் மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் எத்தனை போத்தல் பிரேக் எண்ணெய் ஊற்றி மிதித்தாலும் காற்று போகாது. எண்ணெய் நசுங்காது, காற்று நசுங்கும். மிதிக்கிற மிதியெல்லாம் காற்றை நசுக்குவதிலேயே செலவாகி, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும்.

ஹாஃப் கட் கடையில் வாங்கி வரும் கேலிப்பர், பழைய வண்டியில் அச்சுக்குப் பின்னால் இருந்திருக்கலாம். அதையே அதே பக்கச் சக்கரத்தில் முன்னால் திருப்பி வைத்தால் தலைகீழாகி, நிப்பிள் கீழே போய்விடும். இடது பக்கத்தை வலத்துக்கும், வலத்தை இடத்துக்கும் மாற்றிப் போட்டால் நிப்பிள் மேலேயே நிற்கும். ஆனால் அப்போது கைப்பிரேக் கம்பி எதிர்த்திசையிலிருந்து வர வேண்டியதாகிவிடும்! இதையெல்லாம் கடையில் காசு கொடுக்குமுன் யோசிக்க வேண்டும், வீட்டுக்கு வந்த பிறகன்று.

இடம் சரியாக அமைந்தாலும் இன்னொரு ஆபத்து உண்டு. மோட்டார் சைக்கிளில் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் இருப்பவர் முன்னே சாய்கிறார் அல்லவா? காரின் பாரமும் அப்படித்தான் முன்னே சாயும். பின் சக்கரங்கள் லேசாகிவிடும். அங்கே பெரிய கேலிப்பரை மாட்டினால், முன் சக்கரத்துக்கு முந்திப் பின் சக்கரம் இறுகி வழுக்கும். மழை பெய்த செம்மண் சடக்கில் காரின் வால் சுற்றிக்கொண்டு முன்னே வந்துவிடும். ஆகையால் பின்னால் சிறிய கேலிப்பரே போதும். அதோடு, பின்னால் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வும் தேவை. “நாலு சக்கரமும் ஒரே பலமாகப் பிடிக்க வேண்டும்” என்று வாதாடும் பிள்ளைக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கேலிப்பரைத் தாங்கும் இரும்புத் தகட்டைக் கேட்டுக்கு வெல்டிங் வைக்கிறவரிடம் கொடுக்க வேண்டாம். பிரேக்கின் முழு வேகத்தையும் தாங்குவது அந்தத் தகடும் இரண்டு போல்ட்டும்தான். காரை ஜாக்கியில் தூக்கி, அச்சு முழுதும் கீழே தொங்கும்போது ரப்பர் குழாய் இழுபடாமல் தொய்வாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் கேட்க வேண்டும். காப்புறுதிக் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் ஆளில்லாத மேட்டில் காரை நிறுத்தி, சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் கல்லை வைத்து, கியரில் போடாமல் கைப்பிரேக்கை மட்டும் இழுத்துப் பார்க்கட்டும். கார் நகர்ந்து கல்லில் முட்டினால் கம்பி இன்னும் சரியாகவில்லை. அன்று கோயிலுக்குப் பஸ்ஸில் போய் வரலாம்.